பிளாஸ்திரிக் கோடு

சேசு மரி சூசை

ஓஃபீர் ரோடு,
4-2-1962, ஞாயிறு

அன்புள்ள மங்களத்துக்கு,

அல்போன்சம்மாள் எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி. பதினொரு மாதமாக ஒரு வரி எழுதாதவள் இன்றைக்குப் பூசை முடிந்த கையோடு பேனாவை எடுத்திருக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

நேற்று தேக்கா பாசாரில் உன் ஓரகத்தி பாக்கியலட்சுமியைப் பார்த்தேன். பேரம் பேசிக்கொண்டே, நீ முழுகாமல் இருக்கிறாய், ஐந்து மாதம் என்று சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தில் கையிலிருந்த கீரைக்கட்டு நழுவிவிட்டது. எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறாள் என்று கேட்டேன். "எங்கயும் காட்டல. ஆஸ்பத்திரின்னு பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறா" என்றாள். வந்த சந்தோஷம் அங்கேயே போய்விட்டது.

நீ கெர்பாவ் ரோட்டு மாடியில் குடியிருந்தபோது உன்னைக் கையைப் பிடித்து எங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தவள் நான்தான். "டாக்டர் யோ பெரிய ஆராய்ச்சி பண்றாரு, நல்லாப் பாத்துக்குவாங்க" என்று உன் மாமியாரிடம் வக்காலத்து வாங்கியவளும் நான்தான். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கும் படிக்க மனம் வராது.

ஆனால் ஒன்று. முதல் பிரசவத்தில் வலிப்பு வந்து பிள்ளையைப் பறிகொடுத்தவள் இரண்டாவதற்கு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது நெருப்போடு விளையாடுவது. நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். தமிழ்ப் பெண்களிடம் கேள்வி கேட்டு எழுதுகிறேன், டாக்டருக்கு மொழிபெயர்க்கிறேன், மூத்திரம் பிடிக்கப் பாட்டில் கொடுத்து வாங்குகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் வா. வரிசையில் நிற்க விடமாட்டேன். வேண்டுமானால் நானே பத்தாங்கட்டைக்கு வந்து அழைத்துப் போகிறேன். ஒரு கார்டு போடு, போதும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
அல்போன்சம்மாள்

*

முருகன் துணை

பத்தாங்கட்டை, புக்கிட் பாஞ்சாங்
15-2-1962

அல்போன்சம்மாள் அக்காவுக்கு மங்களம் எழுதுவது.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அரிசி டின்னுக்குள் பத்து நாள் வைத்திருந்தேன்.

நீங்கள் இங்கே வரவேண்டாம். வந்தால் நான் உள்ளே போய்விடுவேன், அது உங்களுக்கும் மரியாதை இல்லை. நான் ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன்.

இங்கே ரோட்டு வேலைக்காரர்களுக்குக் கொடுத்த லைன் வீட்டில் இருக்கிறோம். அவர் காலை ஆறுக்குப் போனால் மாலை ஐந்துக்கு வருவார். மாமியார் கூட இருக்கிறார். உங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று நீங்கள் அன்றைக்கு மாமியாரிடம் பெருமையாகச் சொன்னீர்கள். நாள்பட்ட கவலை உடம்பில் தங்கினால் பிரசவத்தில் கோளாறு வருமா என்று டாக்டர் பார்க்கிறார் என்றீர்கள். அதை அவர் மறக்கவே இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே பேச்சுதான். "மனசுல என்னத்தையோ வச்சிக்கிட்டுக் கெடந்தா, பிள்ள எப்படித் தங்கும்? டாக்டரே சொல்லிட்டாரு." நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டு இருப்பேன். என்னத்தை மனதில் வைத்திருந்தேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். பதினொரு மாதமாக வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன்.

ஒன்று. அந்தப் பாட்டிலில் நான் தண்ணீர் ஊற்றினேன். குழாயடியில் நின்று ஒரு சொம்பு. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் பிள்ளை போனதா?

இரண்டு. மூன்றாம் நாள் எனக்கு நினைவு திரும்பியபோது டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று ஏதோ கேட்கச் சொன்னார். நீங்கள் கேட்டீர்கள். நாக்குக் கடிபட்டிருந்தாலும் நான் தெளிவாகத்தான் பதில் சொன்னேன். அதை நீங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? ஏன் கேட்கிறேன் என்றால், அதற்குப் பிறகு நர்ஸ் மிஸ்ஸி எனக்குக் கரண்டியில் தண்ணீர் கொண்டு வந்து புகட்டினாள்.

நேராகப் பதில் எழுதுங்கள்.

மங்களம்

*

சேசு மரி சூசை

25-2-1962

அன்புள்ள மங்களத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதே எனக்குப் பெரிது.

பிள்ளை போனதற்கு இதுதான் காரணம் என்று விரலை நீட்ட மனிதரால் முடியுமா? டாக்டர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்தார். நீ ஊற்றிய ஒரு சொம்புத் தண்ணீரை நினைத்து உன்னை வாட்டிக்கொள்ளாதே. அன்றைக்கு வார்டில் ஒரே கூச்சல். நீ சொன்னது எனக்குச் சரியாக நினைவில் இல்லை. போனதைக் கிளறினால் புண்தான் பெரிதாகும்.

இங்கே ஆராய்ச்சி முடியப் போகிறது. சிறுநீரகத்தின் தலையில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். ஆளுக்குக் கவலை நாள்பட்டு இருந்தால் அது ஓயாமல் சுரக்குமாம். சுரந்தது மூத்திரத்தில் வரும், அதை அளந்தால் கவலையை அளந்த மாதிரி. டாக்டர் யோ கணக்கெல்லாம் போட்டுவிட்டார். சீன, மலாய், தமிழ்ப் பெண்களில் கவலை மிகக் குறைந்தவர்கள் நம் தமிழ்ப் பெண்கள்தானாம். ஆனால் வலிப்பு அதிகம் வந்ததும் நமக்குத்தானாம். ஆகவே கவலை காரணமில்லை, இந்தியப் பெண்களின் உடல்வாகே அப்படி என்று எழுதி லண்டன் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறார். உன் மாமியார் வாயை மூட இது போதுமே. என்னைக் கூப்பிட்டு, உங்கள் உதவி இல்லாமல் இது நடந்திருக்காது என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

இத்துடன் புனித ஜெரார்டின் சுரூபப் பதக்கம் ஒன்று வைத்திருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் துணை. உங்கள் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொள், சண்டை போடமாட்டார்.

வெள்ளிக்கிழமை வருவாய்தானே?

அல்போன்சம்மாள்

*

பத்தாங்கட்டை
2-3-1962

அக்காவுக்கு,

உங்கள் சுரூபத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தச் சாமியிடம் எனக்குக் கோபம் இல்லை. நான் கேள்வி கேட்டேன், நீங்கள் சாமியை அனுப்பினீர்கள்.

உங்களுக்கு நினைவில்லையா? கெர்பாவ் ரோட்டில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எந்த மாதம் அம்மை வார்த்தது என்று சொல்லக்கூடியவர் நீங்கள்.

தமிழ்ப் பெண்களுக்குக் கவலை குறைவு என்று டாக்டர் எழுதப் போகிறாரா? நீங்கள் டீ குடித்தீர்களா?

இனி எழுதவேண்டாம்.

மங்களம்

*

சேசு மரி சூசை

18-3-1962, ஞாயிறு

மங்களம்,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இதைப் படித்த பிறகு நீ என்ன செய்தாலும் எனக்குத் தகும்.

தவக்காலம் நடக்கிறது. நேற்று மாலை பாவசங்கீர்த்தனம் செய்ய லூர்து மாதா கோயிலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். மூன்றாவது ஆள் உள்ளே போனபோது நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொன்னால் அவர் மன்னிப்புக் கொடுத்துவிடுவார். எனக்கு அதுதான் பயம். உன்னிடம் சொல்லாமலேயே நான் மன்னிப்பு வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிடுவேன்.

உன் முதல் கேள்விக்குப் பதில் ஆம். அல்லது, ஆம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னது நான். அதை நீ உன் கடிதத்தில் எழுதவே இல்லை. "நான் ஊற்றினேன்" என்று மட்டும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டும் நான் உனக்குச் சுரூபம் அனுப்பினேன். என்னைப் போல ஒருத்தி இருப்பாளா?

ஏன் சொன்னேன் என்று கேள். ஆராய்ச்சி தொடங்கிய முதல் மூன்று மாதம் நம் பெண்களின் பாட்டில் எல்லாம் கால் பாட்டில்தான் வந்தது. ஒரு பகல் ஒரு இரவு போனதை முழுதும் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. பரிசோதனை அறைக்காரர் இது முழு நாள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவார். மலாய்ப் பெண்களைப் பார்த்துக்கொண்டவள் கதீஜா, சீனப் பெண்களை வேறொருத்தி. அவர்கள் பாட்டில் ஒன்றும் திரும்பி வராது. ஒருநாள் எல்லார் முன்னாலும் பெரிய மிஸ்ஸி என்னைக் கேட்டாள், உங்கள் பெண்களுக்குச் சொன்னால் புரியாதா என்று. 'உங்கள் பெண்கள்' என்றாள், மங்களம். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

புரியாமல் அல்ல என்று எனக்குத் தெரியும். கெர்பாவ் ரோட்டில் உன் வீட்டையே எடுத்துக்கொள். மாடியில் ஐந்து குடும்பம். கீழே மாவு மில். மில்லுக்குப் பின்னால் ஒரே கக்கூஸ், பாதிக் கதவு. போகிற வழியில் எந்நேரமும் ஆறேழு ஆண்கள். நீ விடியுமுன் ஒரு தரம் போவாய், விளக்கு வைத்த பிறகு ஒரு தரம் போவாய். நடுவில் போக வேண்டியிருக்குமே என்று பகலெல்லாம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாய். வயிற்றில் பிள்ளையோடு அப்படி இருந்தாய். உன்னைப் போலத்தான் அந்தத் தெருவில் பாதிப் பெண்கள். நான் மட்டும் என்ன, கல்யாணமான புதிதில் அப்படித்தான் இருந்தேன்.

இதை நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். என் வேலையே அதுதான். ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் நடுவில் நின்று நம் வீட்டுக் கக்கூஸைப் பற்றி இங்கிலீஷில் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. மானம் போகும் என்று நினைத்தேன். அதனால் ஒரு பிளாஸ்திரித் துண்டை வெட்டி, எந்த அளவுக்கு வந்தால் திருப்பி அனுப்பமாட்டார்களோ அந்த இடத்தில் பாட்டிலில் ஒட்டினேன். "கோடு வரைக்கும் வரணும். பத்தலைன்னா கொஞ்சம் பைப் தண்ணி ஊத்திக்க, ஒண்ணும் ஆவாது" என்று ஒவ்வொருத்தி காதிலும் சொன்னேன். மூத்திரமும் தண்ணீர்தானே என்று நினைத்தேன். நாற்பத்தொரு பேர். அதன் பிறகு ஒரு பாட்டிலும் திரும்பி வரவில்லை. நம் பெண்களின் கவலையும் அந்தத் தண்ணீரில் கரைந்து கணக்கில் குறைந்தது. எனக்குப் பாராட்டு.

உன் கால் வீங்கியிருந்த வெள்ளிக்கிழமை டாக்டர் யோ உன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினார். பிள்ளைத்தாய்ச்சிக்கு நோய் உள்ளே இருந்தால் அது முட்டை வெள்ளை மாதிரி வெளுத்துத் திரளும். உன்னுடையது லேசாகக் கலங்கியது, அவ்வளவுதான். இரத்த அழுத்தம் சற்று அதிகம், ஆனால் மூத்திரம் பரவாயில்லை, அளவும் சரி, இரண்டு வாரம் கழித்து வரட்டும் என்றார். நான் அதை உனக்குத் தமிழில் சொன்னேன். பத்தாம் நாள் உன்னை வலிப்போடு கொண்டு வந்தார்கள்.

இரண்டாவது கேள்வி. நீ என்ன சொன்னாய் என்று எனக்கு ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. மூத்திரம் நன்றாகத்தானே இருந்தது, எப்படி இப்படி ஆயிற்று, ஒரு நாளைக்கு எவ்வளவு போனது என்று கேளுங்கள் என்றார் டாக்டர். நீ சொன்னாய்: "பாட்டில்ல தண்ணி ஊத்தினேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்கக்கா." நான் டாக்டரைப் பார்த்தேன். அவளுக்குத் தாகமாக இருக்கிறதாம் என்று சொன்னேன்.

மிஸ்ஸி கரண்டியோடு வந்தபோது நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பதினொரு மாதம் எழுதாமல் இருந்தேன்.

டீயைக் குடித்தேன். சர்க்கரை போட்டுக் குடித்தேன்.

அல்போன்சம்மாள்

*

முருகன் துணை

பத்தாங்கட்டை
24-3-1962

அக்காவுக்கு,

படித்தேன். அவர் வேலைக்குப் போனதும் ஒரு தரம், மாமியார் தூங்கியதும் ஒரு தரம்.

அழவில்லை. முதலில் உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில் உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. பிறகு ஒன்று புரிந்தது. ஒரு வருஷமாக என் மனம்தான் பிள்ளையைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் ஆமாம் என்றேன். காரணம் என் மனம் இல்லை என்று இப்போது தெரிந்தது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லமாட்டேன்.

ஆராய்ச்சிக்காக நீங்கள் கேட்ட கேள்விகளுக்கும் நான் பொய்தான் சொன்னேன். வீட்டில் மனக்கஷ்டம் உண்டா என்று கேட்டீர்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒண்ணும் இல்லக்கா என்றேன். நீங்களும் இல்லை என்று எழுதிக்கொண்டீர்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த டாக்டரை ஏமாற்றினோம்.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தனசேகரன் என்ற மனிதருக்குப் பேசத் தெரியாது, உங்களுக்கே தெரியும். கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் வேலையிலிருந்து வரும்போது நாலு தகரத்தைத் தோளில் சுமந்து வந்தார். இப்போது வீட்டுக்குப் பின்னால், வேறு யாரும் வராத இடத்தில் எனக்கென்று ஒரு மறைவு இருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள்கூட வைத்திருக்கிறார். "இனிமே நல்லாத் தண்ணி குடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தண்ணீர் குடிக்கிறேன். ஆனாலும் சரியாகப் போகவில்லை அக்கா. நாலு நாளாகக் கால் வீங்கியிருக்கிறது. மெட்டியைக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டுக் கழற்றினேன். காலையில் தலை வலிக்கிறது. போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது.

எனக்குப் பயமாக இருக்கிறது. வருகிறேன். ஆனால் பொய்க் கணக்கு எழுதிய இடத்துக்கு இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன். என் உடம்பைப் பார்க்கிற டாக்டருக்குப் போன தடவை என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள்தான் சொல்லவேண்டும். முழுதும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுதுங்கள். சீக்கிரம்.

மங்களம்

*

சேசு மரி சூசை

27-3-1962, செவ்வாய்

அன்புள்ள மங்களத்துக்கு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. இன்றைக்குக் காலை எட்டு மணிக்கு டாக்டர் யோவின் அறை வாசலில் நின்றேன். நாற்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

பிளாஸ்திரியிலிருந்து தொடங்கினேன். மாவு மில், பாதிக் கதவு, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, காதில் சொன்னது, எல்லாம் சொன்னேன். கக்கூஸ் என்பதற்கு நாகரிகமான இங்கிலீஷ் வார்த்தை தேடாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். கடைசியில் உன் கட்டிலருகே நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். அதுவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெரிய தாளை எடுத்து விரித்தார். பெண்களின் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது. சிவப்புப் பென்சிலால் நம் பெண்களின் பெயரை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு பெயரையும் என்னை வாசிக்கச் சொன்னார். நாற்பத்தொன்றும் வாசித்தேன். உன் பெயர் இருபத்தேழாவது. லண்டனுக்குக் கட்டுரை போன வாரம்தான் தபாலில் போயிருக்கிறது. அதைத் திருப்பி வாங்கக் கடிதம் எழுதவேண்டும் என்றார்.

பிறகு, தண்ணீர் ஊற்றாத பாட்டில் எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்டார். கால் பாட்டிலுக்கும் குறைவு என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதே அந்த நோய்க்கு ஒரு அடையாளம் என்றார். அந்தக் குறைந்த பாட்டிலைத் திருப்பி அனுப்பச் சொன்னது டாக்டர்களின் தப்பு, அதை நிரப்பச் சொன்னது என் தப்பு என்றார். பெண்களிடம் கேட்க இருபத்திரண்டு கேள்வி எழுதினேன், கக்கூஸைப் பற்றி ஒரு கேள்வி எழுதத் தோன்றவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உன் பிள்ளையைப் பற்றி நானே கேட்டேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தமிழில் தருகிறேன்: "உண்மையான பாட்டிலைப் பார்த்திருந்தால் அன்றைக்கே அவளைப் படுக்கையில் சேர்த்திருப்பேன். பிள்ளை பிழைத்திருக்கலாம். நிச்சயம் சொல்ல முடியாது. ஆனால் பிழைத்திருக்கலாம்."

இனி நான் கிளினிக்கில் இல்லை. என்னைக் கீழ்த்தளத்தில் துணி அறைக்கு மாற்றிவிட்டார்கள். படுக்கை விரிப்பு எண்ணி மடிக்கிற வேலை. வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. என் இடத்துக்குப் பரீதா என்று ஒரு பெண் நாளை வருகிறாள். சின்னப் பெண், நல்ல பெண்.

பாக்கியலட்சுமி நாளை இந்தக் கடிதத்தோடு ஒரு பாட்டில் கொண்டு வருவாள். பிளாஸ்திரியைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பிசின் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு வருகிறதோ அவ்வளவு கொண்டு வா. தலைவலி அதிகமானாலோ கண் மங்கினாலோ வெள்ளிக்கிழமை வரை காத்திராதே, பாட்டிலும் வேண்டாம், நீ மட்டும் உடனே வா.

கிளினிக்கில் என்னைத் தேடாதே. நான் மேலே வரமாட்டேன். உன் முகத்தைப் பார்க்க இன்னும் துணிவு வரவில்லை.

அல்போன்சம்மாள்

*

முருகன் துணை

வார்டு, பதினாறாம் கட்டில்
1-4-1962

அக்காவுக்கு,

நீங்கள் இரண்டு மாடி கீழே இருக்கிறீர்கள். இருந்தும் கடிதம் எழுதுகிறேன். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாளும் பென்சிலும் பரீதா கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். பாட்டில் பாதிக்குக் கீழே இரண்டு விரல் இருந்தது. துணிப்பையில் வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர், எண்ணெயா, சிந்தினால் யார் துடைப்பது என்று சத்தம் போட்டான். எண்ணெய் இல்லை, என் மூத்திரம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறேன் என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை. பின்சீட்டில் இருந்த இரண்டு பேர்தான் எழுந்து போனார்கள். எனக்கும் உடம்பெல்லாம் கூசியது, இல்லை என்று சொல்லமாட்டேன். மடியிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

கிளினிக்கில் பெஞ்சு நிறைய நம் பெண்கள். எனக்குப் பக்கத்தில் முத்தாயி என்று ஒரு பெண், முதல் பிள்ளை, கையில் புதுப் பாட்டில். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் ஒருத்தி அவள் காதில் சொல்கிறாள்: "நெறைய வரணும் லா. பத்தலைன்னா கொஞ்சம் பைப் தண்ணி ஊத்திக்க. நாங்கல்லாம் அப்படித்தான்." எதிரில் நின்ற பரீதா காதில் விழாத மாதிரி தாளைப் புரட்டினாள்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தது அக்கா. நீங்கள் துணி அறைக்குப் போய்விட்டீர்கள், அது பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது.

நான் எழுந்து நின்றேன். நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவள் இல்லை. போன வருஷம் இதே பெஞ்சில் உட்கார்ந்து இதே மாதிரி கேட்டேன், கேட்டுத் தண்ணீர் ஊற்றினேன், என் பிள்ளை செத்துப் பிறந்தது என்றேன். ஏன் நமக்குக் குறைவாகப் போகிறது என்றும் சொன்னேன். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கிறோம், அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம் என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது போலிருக்கிறது. டாக்டர் யோ அறையிலிருந்து வெளியே வந்தார். என்ன சொல்கிறாள் என்று பரீதாவிடம் கேட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஆண்கள் இரண்டு மூன்று பேர் வாசலில் நின்றார்கள். அவள் முகம் சிவந்துபோனது. அந்த முகத்தைப் பார்த்தபோது அன்றைக்கு உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் சொன்னத அப்படியே சொல்லும்மா. ஒண்ணும் கொறைக்காதே" என்றேன்.

சொன்னாள். திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் தலையைக் குனிந்தபடி கடைசிவரை கேட்டார்.

பிறகு என் பாட்டிலை வாங்கி, குழாயில் ஊற்றி, என் முன்னாலேயே காய்ச்சினார். முட்டை வெள்ளை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படியேதான் ஆனது, கெட்டியாக. வீட்டுக்கே அனுப்பவில்லை, நேராகக் கட்டில். ஊசி போடுகிறார்கள், உப்பில்லாத கஞ்சி கொடுக்கிறார்கள். பிள்ளை உதைக்கிறது. பிள்ளை இன்னும் நாலு வாரமாவது உள்ளே இருக்க வேண்டுமாம். என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த முறை பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். அவர் சொன்னதைப் பரீதா அப்படியே சொன்னாள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். பிள்ளை பிறக்கும்வரை என் பாட்டிலைத் தினமும் காலையில் பரிசோதனை அறைக்கு யாராவது எடுத்துப்போக வேண்டும். முற்றத்தைத் தாண்டி, பார்க்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தைத் தாண்டிப் போகவேண்டுமாம். இங்கே ஆயா குறைவு, உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று மிஸ்ஸி கேட்டாள். நான் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு வாருங்கள். துணி அறையிலிருந்து வருகிறீர்கள் என்பதற்காகத் துணி எதையும் மேலே போட்டு மூடவேண்டாம். அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.

மங்களம்